இலை மடித்த பின்னும் இருக்கும் படை

நலம் ஓங்குக. மழை பொய்யாதிருக்குக. தொலைவில் இருப்போரை அருகில் இருப்போர் மறவாதிருக்குக.

வான்கரைப் பேரரசின் அரியணையில் அமர்ந்து, எத்திசை மரக்கலமும் பாய் தாழ்த்தும் துறைகளை ஆண்டு, அழைத்தவர் குரலுக்கு அரணாய் நிற்பவர் என்று அயல்நாட்டாரும் போற்றும் பேரரசி அல்லியங்கோதையார் திருமுன்புக்கு, அவர் அடிநிழலில் ஓலை எழுதி வாழும் ஓலைநாயகம் அரங்கன் பூதன், கடலுக்கு அப்பால் நீள்கழி நகரின் கோட்டை மாடத்திலிருந்து வணங்கி வரையும் ஓலை.

அரசியார் உடல்நலம் குறைவின்றி இருக்குக. அவையோரும் படைக்குடிகளும் துறைமாந்தரும் நலமே வாழ்க. அரண்மனை நூற்சாலையின் வடக்குச் சாளரத்தை மழைக்காலம் முடியும்வரை சாத்தி வைக்கும்படி ஏவலருக்குச் சொல்லியருள்க. பிறநாட்டுக் கதைகளை நம் மொழியில் பெயர்த்த சுவடிகள் அதன் அடியில்தான் இருக்கின்றன, சாரல் பட்டால் வீணாகும். அரசுக் காரியம் எழுதும் ஓலையில் இதை முதலில் எழுதுவது முறையன்று என்பதை அறிவேன். ஆயினும் இந்நகரில் என்னோடு பேசுவார் ஒருவரும் இல்லாமையால், எனக்குப் பழக்கமான சாளரங்களையும் சுவடிகளையும் நினைத்துக்கொண்டிருப்பதே இத்தனை நாளும் எனக்குத் துணையாயிருந்தது. பொறுத்தருள்க.

தாங்கள் என்னை அனுப்பிய காரியத்தை, அவையில் படிக்கக் கேட்போர் பொருட்டு மீண்டும் சொல்கிறேன். நீள்கழியின் அரசனைக் கொன்று அரியணை ஏறிய முரஞ்சன் என்பவன், தன்னை வணங்காத குடிகளைக் கழிமுகத்து மதகில் கயிற்றால் கட்டிவைத்து, கடல் ஏறும் வேளையில் மதகைத் திறந்துவிட்டான். தப்பியோர் சிலர் படகேறி வந்து தங்கள் முன் விழுந்தார்கள். தாங்கள் படை அனுப்பினீர்கள். தண்டநாயகர் வெட்சிக்கோன் முரஞ்சனைப் போரில் வீழ்த்தினார். முரஞ்சனின் தம்பி எஞ்சிய சில ஆட்களோடு சதுப்புக் காட்டுக்குள் ஓடி ஒளிந்தான். அதன்பின் ஓராண்டு கழிந்தும் நம் படை இங்கேயே இருக்கிறது. இப்போது குடவரை மலைநாட்டாரும் தங்கள் கொடுங்கோலனை விரட்ட நம் படையைக் கேட்டு வந்திருக்கிறார்கள். நீள்கழி நம்மைத் தலைமேல் வைத்துக் கொண்டாடுகிறது, ஆகவே குடவரைக்கும் போவதே அறம் என்று அவையில் ஒரு சாரார் சொன்னார்கள். அயலான் வீட்டுச் சண்டையில் நமக்கென்ன உரிமை என்று மறு சாரார் கேட்டார்கள். தாங்கள் இரு சாராரையும் அமர்த்திவிட்டு, முத்திரை மோதிரத்தை என் விரலில் அணிவித்து, நீள்கழிப் படையை அங்கேயே நிலைநிறுத்துவதா திரும்ப அழைப்பதா என்பதை நேரில் கண்டு தீர்த்து எழுதும்படி பணித்தீர்கள். பேரறிஞர் பலர் இருக்க நான் ஏன் என்று கேட்டேன்.

“உமக்கு அங்கே யாரும் இல்லை, இங்கேயும் யாரும் இல்லை. பொய் சொல்ல உமக்குக் காரணம் இல்லை” என்றீர்கள்.

அந்தச் சொல்லைக் கடல் முழுதும் சுமந்துகொண்டு வந்தேன்.

நான் கரையிறங்கியபோது தண்டநாயகர் வெட்சிக்கோன் என்னைத் தழுவிக்கொண்டார். அவர் சொல்சுருக்கம் உடையவர் என்று நம் நாட்டில் பெயர். ஆனால் துறையிலிருந்து கோட்டைவரை அவர் பேச்சை நிறுத்தவில்லை. என் பயணத்தைக் கேட்டார், பதில் வருமுன் தம் முழங்கால் வலியைச் சொன்னார், அதிலிருந்து இந்நாட்டு நண்டின் சுவைக்குப் போனார். பின்பு, வெற்றிக்கு அடுத்த திங்களில் இவ்வூரார் நம் படைக்கு அளித்த பெருவிருந்தைப் பற்றி விரிவாகச் சொன்னார். படையினர் அனைவரையும் கடல்நோக்கி வரிசையாக அமர்த்தினார்களாம். முதலில் இனிப்பும் கடைசியில் உப்பும் வைத்தார்களாம். உண்டு முடிந்ததும் ஊரவைத் தலைவர் கோடனார் தாமே குனிந்து தண்டநாயகரின் இலையை மடித்தாராம். மற்ற வீட்டுப் பெண்டிர் மற்ற வீரரின் இலைகளை மடித்தார்களாம். உண்டவர் இலையை விருந்தளித்தவர் கையால் மடிப்பது நம் நாட்டில் முடியுடை வேந்தருக்கு மட்டுமே செய்யும் சிறப்பு என்பதைத் தாங்கள் அறிவீர்கள். அதைச் சொல்லும்போது அவர் கண் கலங்கிற்று. அவ்விருந்துக்குப்பின் ஊரார் துறையருகே ஆளுயரக் கல் ஒன்றை நம் படையின் பெயரால் நாட்டினார்கள் என்றும், இன்றளவும் மாலைதோறும் அதன் முன் கூடி ஏதோ சொல்லிப் போற்றுகிறார்கள் என்றும், அவர்கள் வழிபாட்டுக்கு இடையூறாகாதபடி காவலரை எட்ட நிறுத்தியிருப்பதாகவும், தம் செலவில் அக்கல்லுக்கு நாள்தோறும் மாலை சாத்துவதாகவும் சொன்னார்.

அவையில் தங்கள் முன் படிக்கப்பட்ட செய்தி இதுவே. அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

ஆனால் மறுநாள் நான் தெருவில் இறங்கியபோது என்னை யாரும் பார்க்கவில்லை. வெறுத்து முகம் திருப்புவதை நான் அறிவேன். அஞ்சி ஒதுங்குவதையும் அறிவேன். இது இரண்டுமன்று. எதிரே வந்தவர் கண்கள் என்மேல் பட்டு, சாளரத்தின் ஊடே போவதுபோல் என்னைக் கடந்து போயின. மீன் விற்பவளிடம் விலை கேட்டேன். அவள் ஈயை ஓட்டினாள். ஒரு வீட்டு வாசலில் நின்று தண்ணீர் கேட்டேன். உள்ளிருந்து வந்த பெண் என்னைக் காணாமலே ஒரு செம்பு நீரைப் படியில் வைத்துவிட்டு, காலைச் சுற்றிய பூனையிடம் இவ்வெயிலில் வழிப்போக்கருக்குத் தாகம் எடுக்குமல்லவா என்று கேட்டுக்கொண்டே உள்ளே போனாள். நீர் குளிர்ச்சியாயிருந்தது. செம்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் நெடுநேரம் நின்றேன்.

அரசியாரே, சுவடிகளோடு வாழ்ந்தவன் நான். தனிமை எனக்குப் புதிதன்று. ஆனால் அது நானே சாத்திய கதவு, வேண்டும்போது திறக்கலாம். இங்கே ஒரு நகரம் முழுதும் என்னைச் சுற்றி உப்பு வாரி, மணம் பேசி, பிள்ளைகளை அதட்டி, சிரித்துக்கொண்டிருக்க, நான் மட்டும் அதில் இல்லை. சில நாளில் என் நிழல் சுவரில் விழுகிறதா என்று திரும்பிப் பார்க்கத் தொடங்கினேன். நம் வீரரும் அவ்வாறே ஆகியிருக்கிறார்கள். காவல் மாறும்போது ஒவ்வொருவனும் தன் குழுவினர் அனைவரின் பெயரையும் உரக்கக் கூப்பிடுகிறான். பெயருக்குரியவர் ஒவ்வொருவரும் மறுகுரல் கொடுக்கிறார்கள். படைவிதியில் இது இல்லை. யார் தொடங்கினார்கள் என்று கேட்டேன், தெரியாது என்றார்கள். தண்டநாயகர் தடுக்கவில்லை. சில நாள் அவரும் மாடத்தில் நின்று, தம் பெயரையும் கூப்பிடுகிறார்களா என்று கேட்டுக்கொண்டிருப்பதைக் கண்டேன்.

நாள் செல்லச் செல்ல அவர் முதல்நாள் சொல்லாததையும் சொன்னார். விருந்துக்குப் பின்னர்தான் இந்த ஊமைத்தனம் தொடங்கியதாம். முதலில் இதைப் பணிவு என்று எண்ணினாராம். பின்பு ஒருநாள், வழிதவறிய வீரன் ஒருவன் உப்பளத்து ஓரச் சேற்றில் இடுப்பளவு புதைந்து கூவியபோது, பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்டிர் ஒருவரும் நிமிரவில்லையாம். அவன் எப்படிப் பிழைத்தான் என்று கேட்டேன். எங்கிருந்தோ ஒரு பலகை சேற்றின்மேல் வழுக்கிக்கொண்டு வந்ததாம். அதைப் பற்றி ஏறினானாம். தள்ளிவிட்டவள் முதுகைத்தான் அவன் கண்டானாம். தண்டநாயகர் இக்கதையில் பலகையை மறந்து முதுகை மட்டும் நினைவில் வைத்திருந்தார். நன்றிகெட்ட இந்த அவமதிப்புக்கு முடிவு கட்ட வேண்டும் என்றும், ஊரவையார் கோட்டைக்கு வந்து வாய்திறந்து வணங்காவிட்டால் உப்பளத்து வரப்புகளை உடைத்துக் கடலை உள்ளே விடப்போவதாகவும், அதற்கு என் விரலிலுள்ள முத்திரை வேண்டும் என்றும் கேட்டார். வரப்பு உடைந்தால் இந்நகர் மறுகோடை காணாது. முடிவுக்கு முன் துறைக்கல்லருகே நடப்பதை நேரில் காண விரும்புகிறேன் என்று சொல்லி அன்று மாலையே போனேன்.

நம் மாலை சூடிய அந்தக் கல்லின் அடியில் நான் போய் உட்கார்ந்தேன். ஊரார் வந்தார்கள். வலை உலர்த்த வந்த ஒருவன் ஈர வலையை ஏறத்தாழ என் மடிமேலேயே போட்டான். அவர்கள் கல்லிடம் பேசத் தொடங்கினார்கள். பேரரசியார் முன் இத்தகைய பேச்சை எழுதலாகாது. ஆயினும் நான் திருத்தி எழுதினால் அது என் பேச்சாகிவிடும். ஆகையால் அவர்கள் வாயிலிருந்து வந்தபடியே தருகிறேன்.

உப்பளத்தில் வேலை செய்யும் ஒருத்தியே முதலில் பேசினாள். மற்றவர்கள் அவளைத் தாழையக்கா என்றார்கள்.

“அண்ணன்மாரே, போன ஊரிலே சோறு ருசியா இருக்கா? எங்க ஊருச் சோத்தை அந்தப் பிடி பிடிச்சீங்களே. உங்க தலைவர் இருக்காரே, இலையை மடிச்ச பிறகும் இன்னொரு கரண்டி பாயசம் கேட்டார். சிரிக்கக் கூடாதுன்னு முந்தானையை வாயிலே அடைச்சுக்கிட்டு நின்னேன்.”

வலைக்காரன் தன் முறைக்குச் சொன்னான்: “நீங்க எல்லாரும் போயிட்டீங்க, சரி. உங்க குதிரைங்க மட்டும் என் வாழைக்கொல்லையை இன்னும் மேயுது. குதிரைக்கு விடை குடுக்க மறந்துட்டோம் போல.”

எல்லோரும் சிரித்தார்கள். கல்லின் அடியில் இருந்த நானும் சிரித்துவிட்டேன். இந்நகரில் பிறரோடு சேர்ந்து நான் சிரித்தது அதுவே முதல்முறை; அதை யாரும் கேட்கவில்லை.

அங்கேயே இருந்து கேட்கக் கேட்க எல்லாம் விளங்கிற்று. இந்நாட்டில் ஒவ்வொரு வீட்டின் பின்புறத்திலும் இப்படி ஒரு கல் இருக்கிறது. இறந்தோரும், கடல் கடந்து போனோரும், இனி இவ்வீட்டில் உண்ணார் என்று ஆனோர் அனைவரும் அக்கல்லுக்கு உரியவர். மாலையில் வீட்டார் அதனிடம் குறை சொல்வார்கள், கேலி பேசுவார்கள், நலம் கேட்பார்கள், பதில் எதிர்பார்ப்பதில்லை. விருந்தினரை வழியனுப்பும் நாளில் அவரை ஊர் திரும்பும் திசை நோக்கி அமர்த்தி, கடைசியில் உப்பிட்டு, வீட்டார் கையால் இலையை மடிப்பார்கள். எம் வீட்டில் உம் உணவு நிறைந்தது, வழி நல்லதாகுக என்பது அதன் கருத்து. அதன்பின் அவர் போய்விட்டவர். இலை மடித்த பின்னும் ஒருவர் எழாமல் இருந்ததாக இவர்கள் கதைகளிலும் இல்லை. ஆகவே இருப்பவரை என்ன செய்வது என்று இவர்களுக்குத் தெரியவில்லை. போனவராகவே வைத்துக்கொண்டார்கள்.

பகையால் அன்று, அரசியாரே. மரியாதையால்.

அன்று தண்டநாயகரிடம் இதைச் சொன்னேன். அவர் முதலில் சிரித்தார். பாயசம் கேட்டதைச் சொன்னபோது சிரிப்பு நின்றது. மேலங்கியின் கயிற்றை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக நெடுநேரம் இருந்தார். பின்பு அவர் சொன்ன வாதத்தை மறைக்காமல் எழுதுவது என் கடமை. மதகில் கட்டுண்டு இறந்தவர்களின் உடல்களைத் தம் கையால் அவிழ்த்ததாகச் சொன்னார். அவர்களுள் கைக்குழந்தையோடு ஒருத்தி இருந்தாளாம். அன்று நாம் வந்தது தவறா என்று கேட்டார். இல்லை என்றேன். அதே கொலைஞனின் தம்பி இப்போது சதுப்பில் ஆள் சேர்த்துக்கொண்டிருக்கிறான் என்றும், வருபவனைத் தடுக்க நம்மை விட்டால் இங்கே யாருமில்லை என்றும் சொன்னார்.

“நாம் பாய் விரித்த மறுநாள் அவன் மதகைத் திறப்பான். அப்புறம் அந்தக் கல்லிடம் கேலி பேச இங்கே யார் மிஞ்சுவார், பூதனாரே?” என்றார்.

கொடுமையைத் தடுக்க வலிமை உடையவன் கைகட்டி நிற்பது பாவம் என்று படித்திருக்கிறேன். அயலான் வாசலைத் தாண்டுவது பாவம் என்றும் படித்திருக்கிறேன். இரண்டும் நல்ல ஏட்டில், அழகிய எழுத்தில் இருந்தன. அந்த மாடத்தில், அந்த மனிதரின் முகத்துக்கு எதிரே, இரண்டும் உதவவில்லை. போர் அறியாத எனக்காக இல்லாவிட்டாலும் தமக்காகவாவது ஒருமுறை வந்து கேட்கும்படி வேண்டினேன். அவர் உடைவாளைக் கழற்றி வைத்துவிட்டு, மறுநாள் மாலை என்னோடு வந்து கல்லின் அடியில் உட்கார்ந்தார். முழங்கால் வலியால் அவர் உட்காரத் தடுமாறியபோது, கூட்டத்தில் யாரோ ஒருவர் நகர்ந்து இடம்விட்டார், அவரைப் பார்க்காமலே.

அன்று பேசியவர் ஊரவைத் தலைவர் கோடனார். கல்லை நோக்கி அவர் சொன்னதன் சுருக்கம் இது. வான்கரை வீரர் வழியனுப்பப்பட்ட நாளில் முரஞ்சன் தம்பியிடம் இருந்தவர்கள் பசியால் நண்டு தோண்டித் தின்ற சிலரே. அவன் வந்தால் எதிர்க்க ஊரார் ஈட்டி செய்து பரண்மேல் வைத்திருந்தார்கள். ஊர்ப் பிள்ளைகள் அதைச் சுழற்றிப் பழகினார்கள். ஆனால் கோட்டையில் விளக்கு அணையவில்லை. துறையில் அயலார் நின்று சுங்கம் வாங்கினார்கள். பிள்ளைகள் அந்த ஈட்டிகளை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவராகச் சதுப்புக்குப் போனார்கள். தங்கள் மாமன்மாரை மூழ்கடித்தவனின் தம்பியோடு ஒரே பானையில் உண்கிறார்கள். அவன்மேல் அன்பினால் அன்று, கோட்டையை எதிர்ப்பவன் அவன் ஒருவனே என்பதால். இதை உங்களிடம் சொல்லி என்ன பயன், நீங்கள்தான் போய்விட்டீர்களே என்று சொல்லி முடித்தார் கோடனார்.

அப்போது தாழை எழுந்தாள். அவள் கல்லைப் பார்க்கவில்லை. கல்லின் அடியில் இருந்த தண்டநாயகரை, நேரே, முகத்துக்கு முகம் பார்த்தாள். கூட்டத்தார் பின்னே நகர்ந்தார்கள். இறந்தவனைக் கண்டேன் என்று ஒருத்தி சொன்னால் நம் ஊரில் எப்படி அஞ்சுவோமோ அப்படி அஞ்சினார்கள். கோடனார் வேண்டாம் தாயே என்றார். அவள் கேட்கவில்லை.

“நீங்க வந்ததாலே எம் மகன் உசுரோட இருக்கான். நீங்க இருக்கிறதாலே அவன் வீட்டுக்கு வர மாட்டேங்கிறான்” என்றாள்.

தண்டநாயகர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஓராண்டுக்குப்பின் இந்நகரில் ஒருவர் அவர் முகத்தைப் பார்த்திருக்கிறார். அவள் அதற்குள் கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இவர்கள் வழக்கத்தை மீறியதற்காக அவளைச் சில நாள் யாரும் தங்கள் அடுப்பில் சேர்க்கமாட்டார்கள் என்று பின்னர் கல்லிடம் பேசியவர் வாயிலிருந்தே அறிந்தேன். அவள் எங்களிடம் பேசியதற்கு அவள் கொடுத்த விலை அது.

தண்டநாயகர் என்னோடு கோட்டைக்குத் திரும்பினார். வாயிலருகே வந்ததும், படையைத் திருப்ப நான் ஆணையிட்டால் பணிவதாகவும், ஆனால் நாளை இம்மதகில் மீண்டும் உடல்கள் மிதந்தால் அந்தப் பழியை யார் ஏற்பார் என்பதை ஓலையில் எழுதவேண்டும் என்றும் சொன்னார். நான் ஏற்பேன் என்றேன். வான்கரையின் நூற்சாலையில் இருந்துகொண்டு ஏற்பீரா என்று கேட்டார். ஏளனமாகக் கேட்கவில்லை, களைப்போடு கேட்டார். அவர் கேட்டது சரி என்று பட்டது. வாளும் முத்திரையும் இல்லாமல் நான் மட்டும் இங்கே இருப்பேன், மதகு திறந்தால் அதை நான் இங்கிருந்தே காண்பேன் என்றேன். அவர் என் கையைப் பற்றிக்கொண்டு சிறிதுநேரம் விடவில்லை.

ஆகவே பேரரசியார் என்னிடம் கேட்ட கேள்விக்கு நான் அறிந்த அளவில் விடை எழுதுகிறேன். நாம் இங்கு வந்தது அறமே. தாழையின் மகனைக் கட்டியிருந்த கயிற்றை நம் வீரன் ஒருவன் அறுத்தான். அந்தக் கயிற்றை வேறு எவ்வாறும் அறுத்திருக்க முடியாது. வந்தது அறம் என்பதாலேயே இருப்பதும் அறமாகிவிடும் என்று எண்ணியதே நம் பிழை. பேராற்றல் உடையவர்க்கே உரிய பிழை இது; வலிமையில்லாத நாட்டார் ஒருநாளும் இதைச் செய்ய நேராது. அயல்நாட்டு வரலாறுகளை நான் நிறையப் படித்திருக்கிறேன். எல்லா வேந்தரும், அழைத்தார்கள் போனோம் என்று தொடங்குகிறார்கள்; எவரும் எப்போது புறப்பட்டோம் என்று எழுதவில்லை. அப்பகுதி செல்லரித்துப் போயிற்று என்று நான் இதுவரை எண்ணியிருந்தேன். எழுதப்படவே இல்லை என்று இப்போது தோன்றுகிறது.

குடவரைக்குப் போகலாகாது என்று நான் சொல்லமாட்டேன். அங்கும் ஒரு மதகு இருக்கலாம், அதில் கட்டுண்டவர் இருக்கலாம். அவர்களிடம் அது உங்கள் வீட்டுச் சண்டை என்று சொல்ல எனக்கு நாக்கு வராது. ஆனால் படகில் ஓர் ஈட்டியும் ஏற்றுமுன், உதவி கேட்டு வந்திருக்கும் அந்த மலைநாட்டாரை அழைத்து, உங்கள் ஊரில் விருந்தினரை எப்படி வழியனுப்புவீர்கள் என்று கேட்டருள்க. அவர்கள் சொல்வதைப் படைத்தலைவன் முதல் குதிரைக்காரன் வரை அனைவரும் மனப்பாடம் செய்யட்டும். போரில் உதவி கேட்பவர் அந்தக் கேள்வியைக் கேட்டு வியக்கலாம், அவையோர் நகைக்கலாம். அதற்கு விடை தெரியாமல் ஒரு மரக்கலமும் துறை தாண்டவேண்டாம். நம்மை அனுப்பிவிட இயலாதவர்களுக்கு நாம் செய்வது உதவியாகாது என்பது என் துணிபு.

சதுப்பிலுள்ள பிள்ளைகள் வீடு திரும்புவார்களா, முரஞ்சன் தம்பி முந்திக்கொள்வானா என்பதை நான் அறியேன். அறிந்ததுபோல் எழுதி அரசியாரைத் தேற்றவும் மாட்டேன். நாம் செய்த நன்மை நம் கையைவிட்டுப் போனபின் என்னாகும் என்பதைத் தெரிந்துகொள்ளாமலே போவதுதான் நமக்கு எஞ்சிய கடமை போலும்.

பேரரசியார் தந்த முத்திரையின் ஆற்றலால் நான் இட்ட ஆணை வருமாறு. நீள்கழியிலுள்ள வான்கரைப் படை முழுதும், குதிரைகளும் உட்பட, மரக்கலம் ஏறுக. துறையில் வாங்கிவந்த உப்புச் சுங்கம் இன்றோடு ஒழிக. கோட்டையின் கதவுகள் கழற்றப்பட்டு ஊரவையின் விருப்பத்துக்கு விடப்படுக. அளத்து வரப்பில் எவரும் கை வைக்கற்க. ஊரார் தாமே வந்து கேட்டாலன்றி, என்னை அழைத்துப்போகவும் எக்கலமும் வாரற்க. தண்டநாயகர் வெட்சிக்கோன் இந்நாட்டில் செய்த வீரத்துக்கும், அதனினும் அரிதாக இங்கிருந்து எழுந்து போனதற்கும், உரிய சிறப்பை அவருக்கு அளித்தருள்க. அவர் போரில் தோற்றுத் திரும்பினார் என்று அவையில் எவரேனும் சொன்னால், இவ்வோலையை அப்படிச் சொன்னவர் முன் படிக்கச் செய்க.

இன்று விடியல் முதல் கலங்கள் புறப்பட்டுக்கொண்டிருக்கின்றன. நம் வீரர் தலைவாரி, நல்லாடை உடுத்தி இறங்கினார்கள். கல் விழுமோ பூ விழுமோ என்று அறியாமல் இரண்டுக்கும் ஆயத்தமாக வந்தார்கள். இரண்டும் விழவில்லை. அளத்தில் பெண்டிர் குனிந்து உப்பு வாரிக்கொண்டே இருந்தார்கள்; வலைக்காரன் தன் வலையின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தான். இவர்களைப் பொறுத்தவரை நம் படை சென்ற ஆண்டே போய்விட்டது. இன்று போவதற்கு யாருமில்லை. ஒரு வீரன் மட்டும் சாத்திய கதவு ஒன்றின் முன் நின்று, யாரும் காணாத ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஓடிப்போய்ப் படகேறினான். அது யார் வீடென்று எனக்குத் தெரியாது.

கடைசிக் கலம் இவ்வோலைக்காகக் காத்திருக்கிறது. இதன் முடிவில் முத்திரை இட்டதும் மோதிரத்தைக் கழற்றிப் பட்டில் முடிந்து தண்டநாயகர் கையில் கொடுப்பேன். அதன்பின் இக்கரையிலிருந்து தங்கள் பெயரால் வரும் எந்த ஆணையையும் நம்பற்க. இங்கே தங்கள் பெயரால் ஆணையிட ஒருவரும் இரார். துறைச் சத்திரத்தில் காலியாக ஓர் அறை இருக்கிறது. அங்கே போய்க் கதவைத் தட்டப்போகிறேன். திறந்தால், யார் என்று கேட்டால், இன்றுதான் இவ்வூருக்கு வந்தேன் என்று சொல்வேன்.

தங்கள் கொற்றம் நிற்க. தங்கள் படை தன் ஊர் சேர்க. இதில் கண்டபடி செய்க.

இவை ஓலைநாயகமாய் இருந்த அரங்கன் பூதன் எழுத்து.